சில்லறையைச் சரியா எண்ணுற குழந்தைக்குக் கழித்தல் கணக்கு ஏன் வரலை? - வீட்டுக் கணக்கையும் நோட்டுக் கணக்கையும் இணைக்கும் வழிகள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தாம்பரத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். உள்ளே நுழையும்போதே வீடு வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருந்தது. மூன்றாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகள், கணக்கு நோட்டை மூடி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் அழுத தடம் காய்ந்திருந்தது.

"அம்பத்திரண்டுல இருபத்தேழு போனா முப்பத்தஞ்சாம். மூணு நாளா இதையேதான் சொல்லிக்கொடுக்குறேன், மண்டையில ஏறவே இல்லடி. கணக்குல அப்படியே உன்னை மாதிரி வந்துட்டா" என்றாள் அக்கா.

கடைசி வாக்கியம் எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனால், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நோட்டைப் பிரித்துப் பார்த்தேன். 52-க்குக் கீழே 27. ஒன்றின் இடத்தில் 2-லிருந்து 7 போகாது. அதனால் அவள் 7-லிருந்து 2-ஐக் கழித்து 5 போட்டிருந்தாள். பத்தின் இடத்தில் 5-லிருந்து 2 போக 3. விடை 35. அவளைப் பொறுத்தவரை அது கவனக்குறைவு இல்லை. 'பெரிய எண்ணிலிருந்துதான் சின்ன எண்ணைக் கழிக்க வேண்டும்' என்று இரண்டாம் வகுப்பில் கற்றுக்கொண்டதை அப்படியே கடைப்பிடித்திருக்கிறாள்.

சாயங்காலம் தெருமுனைக் கடைக்கு அவளை அழைத்துப்போனேன். வேண்டுமென்றேதான், 5 பத்து ரூபாய் நோட்டுகளையும் 2 ஒரு ரூபாய்க் காசுகளையும் அவள் கையில் கொடுத்திருந்தேன். வாங்கிய சாமான்களுக்கு 27 ரூபாய் ஆனது. "கையில இருக்குறதுல மீதி எவ்வளவு இருக்கும்?" என்றேன்.

"இருபத்தஞ்சு சித்தி" என்றாள், பணத்தைக் கொடுக்கும் முன்பே.

"எப்படிக் கண்டுபிடிச்ச?"

"இருபத்தேழோட மூணு சேர்த்தா முப்பது. இன்னொரு இருபது சேர்த்தா அம்பது. அப்புறம் ரெண்டு. மூணு, இருபது, ரெண்டு... இருபத்தஞ்சுதானே?"

காலையில் மூன்று நாள் பாடத்துக்கும் மசியாத அதே 52 கழித்தல் 27. கடை வாசலில் பத்து விநாடியில் முடிந்துவிட்டது.

கல்லாவில் உட்கார்ந்த சிறுமி

இப்போது என் கதைக்கு வருகிறேன். அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். ஒன்பது வயதில், அவர் சாப்பிடப் போகும் அரை மணி நேரம் கல்லாவில் நான்தான் உட்காருவேன். 100 ரூபாய் நோட்டுக்கு 63 ரூபாய் போக மீதி, கால் கிலோ துவரம் பருப்பு, அரை லிட்டர் எண்ணெய் எல்லாவற்றையும் மனக்கணக்கில் முடித்துவிடுவேன். ஒரு நாளும் கல்லா குறைந்ததில்லை.

அதே வருடம் பள்ளியில் கணக்குப் பரீட்சையில் நான் தேறவில்லை. 'கடன் வாங்கிக் கழித்தல்' எனக்குப் புரியவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் கடன் வாங்கினால் திருப்பிக் கொடுக்க வேண்டுமே, இங்கே ஏன் யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. "உனக்குக் கணக்கு வராது, உக்காரு" என்றார்கள். உட்கார்ந்துவிட்டேன். பதினொன்றாம் வகுப்பில் கணக்கு இல்லாத பிரிவைத் தேடி எடுத்ததுவரை அந்த ஒரு வாக்கியம் கூடவே வந்தது. இதழியல் படித்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆனால், நானாகப் பார்த்து அந்த வழியைத் தேர்ந்தெடுத்தேனா, மற்ற வழியை எட்டு, ஒன்பது வயதிலேயே யாரோ அடைத்துவிட்டார்களா என்ற கேள்வி அவ்வப்போது வந்துபோகும்.

இது என் ஒருத்தியின் கதை இல்லை என்பது, இந்தக் கட்டுரைக்காகப் படித்தபோதுதான் தெரிந்தது.

கொல்கத்தா சந்தையில் கிடைத்த விடை

2025-ல் 'நேச்சர்' அறிவியல் இதழில் ஓர் ஆய்வு வெளியானது. நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, குழந்தைகளின் அறிவு வளர்ச்சியை ஆராயும் எலிசபெத் ஸ்பெல்கி ஆகியோர் அடங்கிய குழு நடத்திய ஆய்வு அது. கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தைகளில் வியாபாரம் செய்யும் 1,436 சிறுவர் சிறுமிகளை அவர்கள் ஆராய்ந்தார்கள்.

ஆய்வாளர்கள் சாதாரண வாடிக்கையாளர்களைப் போலப் போய்ப் பொருள் வாங்கினார்கள். உதாரணமாக, கிலோ 20 ரூபாய் விலையில் 800 கிராம் உருளைக்கிழங்கு, கிலோ 15 ரூபாய் விலையில் 1.4 கிலோ வெங்காயம். மொத்தம் 37 ரூபாய். 200 ரூபாய் நோட்டை நீட்டினால் மீதி 163 ரூபாய். இப்படிப்பட்ட கணக்குகளைக் கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைகளும் பேப்பர், பேனா இல்லாமல் போட்டுவிட்டார்கள். ஆனால், இதைவிட எளிய கணக்குகளைப் பள்ளிப் பாணியில், வெறும் எண்களாக எழுதிக் கொடுத்தபோது திணறினார்கள்.

அக்கம்பக்கத்துப் பள்ளிகளில் படிக்கும், வியாபார அனுபவம் இல்லாத 471 குழந்தைகளிடம் நிலைமை நேர் எதிராக இருந்தது. எழுதிக் கொடுத்த எளிய கணக்குகளை அவர்கள் இன்னும் நன்றாகப் போட்டார்கள். ஆனால், சந்தைக் கணக்கு ஒன்றை வியாபாரம் செய்யும் குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் சரியாகப் போட, பள்ளிக் குழந்தைகளில் 1 சதவிகிதம் பேர்தான் சரியாகப் போட்டார்கள்.

ஒரு பக்கம் கணக்கு இருக்கிறது, எழுத்து இல்லை. இன்னொரு பக்கம் எழுத்து இருக்கிறது, அது எதற்கு என்று தெரியவில்லை. இரண்டையும் இணைக்கும் பாலம்தான் இல்லை.

இது புதுச் செய்தியும் அல்ல. 1985-ல் பிரேசிலின் ரெசிஃபே நகரத் தெருக்களில் இதேபோன்ற ஆய்வு நடந்தது. அங்கே 12 வயதுச் சிறுவன் ஒருவனிடம் இளநீர் ஒன்று 35 க்ருசேரோ, 10 வேண்டும், எவ்வளவு என்று கேட்டார்கள். 10-ஆல் பெருக்க ஒரு பூஜ்ஜியம் சேர்க்கும் பள்ளி வழியை அவன் தொடவில்லை. மூன்று காய்க்கு 105, இன்னும் மூன்று சேர்த்தால் 210 எனக் கூட்டிக்கொண்டே போய் 350 என்றான். அந்த ஆய்வில் பங்கேற்ற குழந்தைகள், தெருவில் கேட்ட கணக்குகளில் 98 சதவிகிதத்தைச் சரியாகச் சொன்னார்கள். அதே கணக்குகளை வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது சரியான விடை 37 சதவிகிதம்தான்.

குழந்தைகளை வேலைக்கு அனுப்பினால் கணக்கு வரும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. குழந்தைகள் இருக்க வேண்டிய இடம் பள்ளிதான். ஆனால், எந்தக் குழந்தையும் வெற்றுப் பலகையாகப் பள்ளிக்கு வருவதில்லை. ஏற்கெனவே தெரிந்தது எது என்று கண்டுபிடித்து, அங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை அமெரிக்க உளவியலாளர் டேவிட் ஆசுபெல் 1968-லேயே கற்பித்தலின் மையமாக வைத்தார். நம் நாட்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு - 2005 முன்வைத்த முதன்மையான நெறிகளில் ஒன்றும், படிப்பைப் பள்ளிக்கு வெளியே உள்ள வாழ்க்கையோடு இணைப்பதுதான்.

'கடன்' இல்லை... சில்லறை!

சரி, பாலத்தை எப்படிப் போடுவது? கடையிலிருந்து திரும்பியதும் அக்கா மகளோடு நான் முயன்று பார்த்தது இது.

தரையில் 5 பத்து ரூபாய் நோட்டுகளையும், 2 ஒரு ரூபாய்க் காசுகளையும் வைத்தோம். "எனக்கு 27 ரூபாய் கொடு" என்றேன். இரண்டு நோட்டுகளைக் கொடுத்தாள். 7 ரூபாய்க்குக் காசு போதவில்லை. என்ன செய்வாய் என்று கேட்டதும், "சில்லறை மாத்தணும்" என்றாள். ஒரு பத்து ரூபாயை என்னிடம் கொடுத்துப் பத்து ஒரு ரூபாய்க் காசுகள் வாங்கிக்கொண்டாள். இப்போது அவளிடம் 12 காசுகள். அதில் 7 கொடுத்தாள். மீதி 2 நோட்டு, 5 காசு.

அடுத்து, அதையே நோட்டில் படமாக வரையச் சொன்னேன். பத்து ரூபாய்க்கு ஒரு கட்டம், ஒரு ரூபாய்க்கு ஒரு வட்டம். ஒரு கட்டத்தை அடித்துவிட்டுப் பத்து வட்டம் போட்டாள். கடைசியாகத்தான் எண்களை எழுதினோம். 5-ஐ அடித்து 4, பக்கத்தில் 2-க்குப் பதில் 12. "அய்யோ, மிஸ் போடுறது இதுதானா?" என்றாள்.

இதுதான் வரிசை. முதலில் பொருள், பிறகு படம், பிறகு எண். தொடக்கப் பள்ளிக் கணிதத்தில் பெயர் பெற்ற சிங்கப்பூரின் பாடத்திட்டமும் 1980-களிலிருந்து இந்த வரிசையில்தான் நடக்கிறது. நாம் வீட்டில் செய்யும் தவறு, மூன்றாவது படியில் ஆரம்பிப்பது.

இன்னொன்றையும் கவனித்தேன். 'கடன் வாங்குதல்' என்ற சொல் குழந்தைக்குத் தெரிந்த கடனோடு ஒட்டவில்லை. 'சில்லறை மாற்றுதல்' ஒட்டுகிறது. மதிப்பு மாறாமல் உருவம் மட்டும் மாறுகிறது என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. ஒன்பது வயதில் நான் கேட்ட கேள்வி அப்படியொன்றும் அசட்டுத்தனமானது இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

தமிழே சொல்லிக்கொடுக்கும் பாடம்

வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கில மீடியம் என்று இருக்கும் குழந்தைகளுக்கு ஓர் எளிய உதவி கைவசம் இருக்கிறது. 'ஃபோர்டீன்' என்று கேட்கும்போது நாலுதான் முதலில் காதில் விழுகிறது. அதனால் 14-ஐ 41 என்று எழுதும் குழந்தைகள் உண்டு. 'பதினாலு' என்று சொல்லிப் பாருங்கள். பத்து முன்னால், நாலு பின்னால். எழுதும் வரிசையும் அதுவே. 'நாற்பத்தொன்று' என்றால் நாலு பத்து, ஒன்று. இடமதிப்பு என்று பாடப்புத்தகம் ஒரு பாடமே நடத்துவது, தமிழ் எண்ணுப்பெயருக்குள் ஒளிந்திருக்கிறது.

8+5 போடும்போது, 8-க்கு 2 கொடுத்துப் பத்தாக்கு, மீதி 3, ஆகவே பதி-மூணு என்று சொன்னால் விடையும் பெயரும் ஒன்றாகிவிடும். ஆங்கிலத்தில் படித்தாலும் தமிழில் யோசிக்க விடுங்கள். எந்த மொழியில் யோசித்தாலும் விடை அதேதான்.

ஆனால், தமிழிலும் ஒரு மேடு இருக்கிறது. எழுபது, எண்பது என்று வந்த வரிசை, அடுத்து 'தொண்ணூறு' என்கிறது. காதில் 'நூறு' விழுகிறது. எண்ணூறுக்கு அடுத்து 'தொள்ளாயிரம்' வந்து 'ஆயிரம்' என்று மிரட்டுகிறது. இந்த இடத்தில் குழந்தை தடுமாறினால் திட்டாதீர்கள். அவள் பெயரைக் கூர்ந்து கேட்டிருக்கிறாள் என்று அர்த்தம். ஒன்பது பத்து ரூபாய் நோட்டுகளை எண்ணிக் காட்டி, 'ஒன்பது பத்துக்குப் பெயர்தான் தொண்ணூறு, நூறு ஆக இன்னும் ஒரு பத்து வேணும்' என்று சொன்னால் போதும்.

கால், அரை, முக்கால்

தொடக்கப் பள்ளியில் பல குழந்தைகள் கணக்கைக் கண்டு முதலில் ஒதுங்குவது பின்னங்களில்தான். 1/2 பெரியதா, 1/4 பெரியதா என்று கேட்டால், 1/4 என்பார்கள். ஏன்? நாலு, இரண்டைவிடப் பெரியது. அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயமே இங்கே குறுக்கே வந்து நிற்கிறது. முன்னறிவு எப்போதும் துணைக்கு மட்டும் வராது. சில நேரம் வழியையும் மறைக்கும்.

அதே குழந்தையிடம், "கால் கிலோ அல்வா வேணுமா, அரை கிலோ வேணுமா?" என்று கேளுங்கள். கண் இமைக்காமல் அரை கிலோ என்பாள். 1/4 + 1/2 என்று எழுதினால் மேலே மேலே, கீழே கீழே கூட்டி 2/6 என்று எழுதும் பிள்ளை, "கால் கிலோ தக்காளியையும் அரை கிலோ தக்காளியையும் ஒரே பையில போட்டா?" என்றால் முக்கால் கிலோ என்று சொல்லிவிடும்.

கால், அரை, முக்கால் என்று பின்னங்களுக்குத் தனிப் பெயர் வைத்து அன்றாடம் புழங்கும் மொழி நம்முடையது. அரைக்கால், வீசம் என்று இன்னும் சின்னப் பின்னங்களுக்கும் பெயர் இருந்தது. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை வைத்து இதையெல்லாம் மனப்பாடமாகச் சொல்லிப் பழகினார்கள். வீட்டுப் பெரியவர்களுக்கு இதில் சில சொற்கள் இன்னும் நினைவிருக்கலாம். கேட்டுப் பாருங்கள். தாத்தா பாட்டிக்கும் பேரப்பிள்ளைக்கும் பேச ஒரு விஷயம் கிடைத்த மாதிரியும் இருக்கும்.

சமக்குறி ஒரு தராசு

இந்தக் கணக்கை உங்கள் குழந்தையிடம் கொடுத்துப் பாருங்கள்: 8 + 4 = ▢ + 5. கட்டத்தில் என்ன எண் வரும்?

12 என்றோ 17 என்றோ சொன்னால் ஆச்சர்யப்படாதீர்கள். 1999-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், இந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன ஆறாம் வகுப்பு மாணவர்கள் 145 பேரில் ஒருவர்கூட 7 என்ற சரியான விடையைச் சொல்லவில்லை. வருடக்கணக்காக 3 + 2 = என்று மட்டுமே பார்த்துப் பழகியதால், சமக்குறி என்றால் 'இதோ விடை வருது' என்று குழந்தைகள் நினைத்துக்கொள்கிறார்கள்.

இதற்கும் தெரிந்த பொருளைத்தான் தேட வேண்டும். ஒரு தராசைக் காட்டுங்கள். இல்லையென்றால், ஹேங்கரின் இரண்டு முனைகளிலும் ஒரே மாதிரி இரண்டு டப்பாக்களைக் கட்டித் தொங்கவிடுங்கள். ஒரு டப்பாவில் 8 காசும் 4 காசும். இன்னொன்றில் 5 காசு. நேராக நிற்க இன்னும் எத்தனை போட வேண்டும்? ஒரே அளவுக் காசுகளாக இருக்கட்டும். ஏழாவது காசு விழுந்து ஹேங்கர் நேராகும்போது, சமக்குறி என்றால் என்ன என்பதை நீங்கள் சொல்லவே வேண்டியிருக்காது. பின்னால் எட்டாம் வகுப்பில் சமன்பாடு வரும்போது இந்த ஹேங்கர்தான் கைகொடுக்கும்.

சில்லறையே பார்க்காத குழந்தைக்கு?

இங்கே ஒரு சிக்கல். காய்காரம்மாவின் வண்டியிலும் இன்று க்யூஆர் கோடு தொங்குகிறது. போனைக் காட்டினால் 'டிங்' என்று சத்தம் வருகிறது. மீதி வாங்கும் வேலையே இல்லை. என் ஒன்பது வயதில் கல்லா கற்றுக்கொடுத்ததை, இன்றைய நகரத்துக் குழந்தைக்குக் கற்றுக்கொடுக்க யாரும் இல்லை. 'தெரிந்ததிலிருந்து தொடங்கு' என்றால், இன்றைய குழந்தைக்கு எது தெரியும் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

கிரிக்கெட் பார்க்கும் பிள்ளைக்குக் கழித்தல் அத்துப்படி. வெற்றிக்கு 166, இதுவரை 148, இன்னும் 18. லிஃப்டில் போகும் பிள்ளைக்குத் தரைத்தளத்துக்குக் கீழே பார்க்கிங் இருப்பது தெரியும். பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் எண் உண்டு என்பதற்கு அதுவே போதும். போனில் சார்ஜ் 100-ல் எவ்வளவு என்று பார்க்கும் பிள்ளைக்குச் சதவிகிதம் பாதி புரிந்த மாதிரிதான்.

இதிலும் கவனம் வேண்டும். கிரிக்கெட்டில் 4.5 ஓவருக்கு அடுத்த பந்து வீசினால் 5 ஓவர். காரணம், ஓவருக்கு 6 பந்து. ஆனால், தசம எண்ணில் 4.5-க்கு அடுத்து 4.6. பார்ப்பதற்கு ஒரே புள்ளிதான், வேலை வேறு. இதை ஒரு தடவை குழந்தையோடு உட்கார்ந்து பேசிவிட்டால், ஐந்தாம் வகுப்பில் தசமம் வரும்போது குழப்பம் குறையும்.

வாசலிலும் பாடம் இருக்கிறது. 7 புள்ளியில் தொடங்கி 1 வரை நேர்ப்புள்ளிக் கோலத்துக்கு மொத்தம் எத்தனை புள்ளி? நடுவில் 7, மேலே 5, 3, 1, கீழேயும் அதேபோல. ஆக 25. அதே 7 புள்ளியை 4 வரை இடுக்குப் புள்ளியாக வைத்தால் 37. ஒவ்வொன்றாக எண்ணாமல் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பல்லாங்குழியில் 14 குழி, குழிக்கு 5 சோழி என்றால் மொத்தம் 70. 30 முட்டை அட்டையில் ஒரு வரிசைக்கு 6, மொத்தம் 5 வரிசை. அட்டையைத் திருப்பி வைத்தால் வரிசைக்கு 5, மொத்தம் 6 வரிசை. 5×6-ம் 6×5-ம் ஒன்றுதான் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

பள்ளிகளில் என்ன நடக்கிறது?

தமிழ்நாட்டுக்கு இது புது யோசனை அல்ல. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், பிறகு மாநிலம் முழுவதும் போனது. கொரோனா விடுமுறைக்குப் பிறகு, 2022 ஜூனில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. அடுத்த ஆண்டு நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் நீட்டித்தார்கள். அதில் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகளாகப் பார்க்கிறார்கள். எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்பதைவிட, அந்தக் குழந்தை இப்போது எங்கே நிற்கிறது என்பதிலிருந்து தொடங்குவதுதான் அதன் அடிப்படை.

ஆனால், கார்டும் கருவியும் எத்தனை வந்தாலும், ஒரு வகுப்பில் இருக்கும் அத்தனை பிள்ளைகளுக்கும் வீட்டில் என்ன தெரியும் என்று ஓர் ஆசிரியர் தேடிக்கொண்டிருக்க முடியாது. அது நமக்குத்தான் தெரியும். அதனால் பாதி வேலை வீட்டில்தான் இருக்கிறது.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியவை

1. பாடத்தை ஆரம்பிக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள். 'வகுத்தல்' என்று ஆரம்பிக்காமல், "12 முறுக்கை நாலு பேருக்குச் சமமா எப்படிக் கொடுப்ப?" என்று கேளுங்கள். அவள் ஏற்கெனவே எவ்வளவு தூரம் வந்திருக்கிறாள் என்று தெரிந்துவிடும்.

2. விடை சரியோ, தவறோ, "எப்படிக் கண்டுபிடிச்ச?" என்று கேளுங்கள். தவறாக இருக்கும்போது மட்டும் கேட்டால், அந்தக் கேள்வியே திட்டு மாதிரி ஆகிவிடும்.

3. குழந்தை சொந்தமாக ஒரு வழி வைத்திருந்தால் தட்டிவிடாதீர்கள். 43-ஐ 11-ஆல் பெருக்க, 430-உடன் 43-ஐச் சேர்த்து 473 என்று சொன்னால் அது குறுக்குவழி இல்லை. நல்ல கணக்கு அறிவு. முதலில் அதைப் பாராட்டுங்கள். பிறகு பள்ளி வழியை அதன் பக்கத்திலேயே எழுதி, இரண்டும் எங்கே ஒன்றாகிறது என்று காட்டுங்கள்.

4. கடைக் கணக்கோடு நிறுத்திவிடாதீர்கள். பொருள், படம், எண் மூன்றும் வேண்டும். கடையில் போட்ட கணக்கை வீட்டுக்கு வந்ததும் ஒரே ஒரு வரி நோட்டில் எழுதுங்கள். கொல்கத்தா குழந்தைகளுக்குக் கிடைக்காமல் போனது அந்த ஒரு வரிதான்.

5. திருப்பியும் செய்யுங்கள். 52 - 27 என்ற எண்களைக் கொடுத்து, அதற்கு ஒரு கதை சொல்லச் சொல்லுங்கள். கதை சொல்ல வந்துவிட்டால் கணக்கு புரிந்துவிட்டது.

6. வாய்ப்பாடு வேண்டாம் என்று இல்லை. 7×8 மறந்துபோனால், தெரிந்த 7×7 = 49-லிருந்து இன்னொரு 7 போய் 56-ஐப் பிடிக்கலாம் என்று சொல்லிக்கொடுங்கள். மறந்தாலும் திரும்பி வர ஒரு வழி இருக்கும்.

7. மிக முக்கியமாக, "நானும் கணக்குல வீக்குதான்", "இவளுக்குக் கணக்கு வராது" போன்ற வாக்கியங்களைக் குழந்தையின் காதுபட சொல்லாதீர்கள். நாம் சொல்லிவிட்டு மறந்துவிடுவோம். அவர்கள் மறக்க மாட்டார்கள்.

அந்த ஒரு வாக்கியம்

அன்று இரவு கிளம்பும்போது அக்காவிடம், "என்னை மாதிரி வந்துட்டான்னு சொன்னியே, எனக்குக் கணக்கு வருமா வராதான்னு நீ எப்பவாவது பார்த்திருக்கியா? கல்லாவுல உக்காந்தது நான்தானே?" என்று கேட்டேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஆமாடி, அப்பா உன்னைத்தானே உக்கார வெச்சாரு" என்றாள்.

போன வாரம் அக்காவிடமிருந்து ஒரு வாட்ஸ்அப் படம் வந்தது. 402 - 178. பத்தின் இடத்தில் பூஜ்ஜியம் இருந்ததால் மறுபடி தடுமாறியிருக்கிறாள். அடித்துத் திருத்திய தடங்கள் நிறைய. முதல் விடை தப்பு. ஓரத்தில் கட்டம் கட்டமாக ஏதோ வரைந்திருந்தாள். உற்றுப் பார்த்தபோது புரிந்தது. பத்து ரூபாய் நோட்டு இல்லாததால், ஒரு நூறு ரூபாயைப் பத்துப் பத்து ரூபாய்களாக மாற்றி, அதில் ஒரு பத்தை ஒரு ரூபாய்களாக மாற்றியிருக்கிறாள். கீழே 224 என்று எழுதி, பக்கத்தில் ஒரு டிக் அவளே போட்டுக்கொண்டிருந்தாள்.

கூடவே அக்காவின் செய்தி: 'நான் ஒண்ணும் சொல்லித்தரலை. சில்லறை இல்லன்னா நூறு ரூபாயை மாத்திக்கலாம்ல அம்மான்னு அவளே கேட்டா.'